முதுகில் தங்கிய எண்ணெய்

அத்தியாயம் 9

படம் இன்னும் காயக்கூட இல்லை. எக்ஸ்ரே அறையின் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கிய கறுப்புத் தகட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் துப்பறியும் தாணுலிங்கம் தோற்றுப்போயிருந்தார்.

எக்ஸ்ரேக்காரர் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். முதுகெலும்பு முடிகிற இடத்தில், வெள்ளையடிக்கும்போது தரையில் சிந்திய சுண்ணாம்பைப் போல, சில வெள்ளைத் துளிகள்.

"இது எலும்பு இல்ல சார். உள்ள ஏத்துன மருந்து. அப்படியே தங்கியிருக்கு."

"நான் சொன்னேன்லா சாமி?" என்றான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன். குரலில் வெற்றிகூட இல்லை. குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு பெருமூச்சுதான் விட்டான்.

பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாணுலிங்கம், இதுக்கு மேல என்ன இருக்கு? நாளைக்கு ஞாயித்துக்கிழம. பூசையில நான் ஒரு முடிவு சொல்லியாகணும்."

தாணுலிங்கம் ஈரப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில், சுங்க இலாகா வேலையை விட்டுவிட்டு, வீங்கிய முழங்காலோடு துப்பறிய வந்தவருக்குத் தோல்வி புதிதல்ல. ஆனால் இந்தத் தோல்வியை, தன்னை நம்பி வந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அவருடைய உதவியாளன் அய்யாக்குட்டி ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் இருக்கை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படி இருக்கு? அவனுக்குப் பதிலா ஒங்கள எக்ஸ்ரே எடுத்துட்டாவளா?"

"துளி இருக்குலே."

"இருக்கா?" அய்யாக்குட்டியின் கை நின்றது. "அப்போ வில்பிரட்டுதானா?"

"ஊர் அப்படித்தான் சொல்லும்."

ஊர் மூன்று மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு வருடத்துக்கு முன் தூத்துக்குடியில் பாய் விரித்து, கொச்சியில் ஓடு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி ஒன்று புயலில் காணாமல் போனது. அதை நடத்திப்போன தண்டல் வில்பிரட். அவன் மனைவி மரியசெல்வி காத்திருந்து காத்திருந்து ஓய்ந்துபோய், கோயிலில் அனுமதி வாங்கி, ஐஸ் கம்பெனி மெக்கானிக் விக்டரைக் கட்டிக்கொண்டாள். தவழ்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம் தாடியும் மூட்டையுமாக ஒருவன் தெருவுக்குள் வந்து நின்றான். கேட்டவர்களிடம், நான்தான் வில்பிரட் என்றான்.

உயரம் அதேதான். ஏழு வருடக் கடல் வெயில் யார் முகத்தையும் யார் முகமாகவும் ஆக்கிவிடும். வில்பிரட்டுக்குப் பெற்றவர்களும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கல்யாணத்தன்று மழையில் பந்தல் சரிந்தது, மரியசெல்வி வளர்த்த ஆட்டின் பெயர், சண்டை போட்டால் அவள் இரண்டு நாள் பேசாமல் இருப்பது எல்லாவற்றையும் அவன் சொன்னான். மரியசெல்வி மட்டும், இவன் என் புருஷன் இல்லை என்றாள். புதுப் புருஷன் இருக்கிறவள் வேறு எப்படிச் சொல்வாள் என்றது ஊர். முடிவு தெரியும்வரை விக்டர் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சாமியார் சொல்லிவிட, அவன் தருவைகுளத்தில் அக்காள் வீட்டில் கிடந்தான்.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதும் அந்த மனிதனேதான். தோணி காணாமல் போவதற்கு முந்தின வருடம் வில்பிரட் பாய்மரத்திலிருந்து விழுந்து, மதுரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முதுகுத்தண்டுக்குள் ஊசியால் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். அது தெருவுக்கே தெரியும். 'அந்த மருந்து ஆயுசுக்கும் போவாதுன்னு ஒரு கப்பல் டாக்டர் சொன்னாரு. எடுத்துப் பாருங்க' என்று அவன் முதுகைக் காட்டினான். பொய்க்காரன் எவனாவது வலிய வந்து முதுகைக் காட்டுவானா?

"நாம ஜெயிக்கணும்னா இனி அந்த முதுகெலும்பத்தான் அரெஸ்ட் பண்ணணும்," என்று வண்டியின் கிக்கரை உதைத்தான் அய்யாக்குட்டி.

மரியசெல்வி குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது.

"அப்போ நான் அந்த ஆள்கூடப் போய் இருக்கணுமா அண்ணாச்சி? யாருன்னே தெரியாதவன்கூடயா?"

"யாருன்னே தெரியாதா?"

அவள் தயங்கினாள். "எங்கயோ பாத்த மொகந்தான். அதத்தான் முதல்லயே வாய் தவறிச் சொல்லிட்டேன். 'பாத்தியா, அவளுக்கே அடையாளம் தெரியுது'ன்னு பிடிச்சுக்கிட்டாவ. ஆனா அவரு இல்ல. எம்புருசன எனக்குத் தெரியாதா?"

தாணுலிங்கத்துக்கு அவளை நம்ப ஆசையாக இருந்தது. ஆசை சாட்சி ஆகாது. கேட்க வேறு ஒன்றும் இல்லாததால், அந்த ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்.

"அத ஏன் கேக்குதிய! ஊசி போட்டு முடிச்சதும் அவரு காலு ரெண்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. வலின்னா அப்படி ஒரு வலி. மனுசன் கொஞ்சம் படுக்கலாம்னா, படுக்க விடல. மூணு தலாணி வச்சு நிமித்தி உக்காத்திட்டாவ. தல சாஞ்சா வலிப்பு வந்துரும்னு நர்ஸம்மா மெரட்டுனாவ. அவரு தூங்கித் தூங்கி விழ, நான் கட்டில் தலமாட்டுல நின்னு ரெண்டு கையாலயும் அவரு தலயப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். இப்பவும் நெனச்சா தோள்பட்ட வலிக்கி."

அவள் அழவில்லை. அழுது முடித்து நாளாகியிருக்க வேண்டும்.

"அந்த டாக்டர் இப்ப எங்க இருக்காவ?"

"பொன்னுதுரை டாக்டரா? வேலய விட்டுட்டு சொந்த ஊரு சாயர்புரத்துக்கே வந்துட்டாவளாம்."

சாயர்புரம் போகிற வழியெல்லாம் அய்யாக்குட்டி பேசிக்கொண்டே வந்தான். உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசியது. தாணுலிங்கம் பின்னால் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். செத்துப்போன புருசன் திரும்பி வந்தா பொண்டாட்டி சந்தோசப்படணுமா, பயப்படணுமா?"

"நீ கல்யாணம் பண்ணிட்டுக் கேளு."

"அதுக்கு மொதல்ல நான் சாவணுமே."

"ரோட்டப் பாத்து ஓட்டு. கல்யாணத்துக்கு முந்தியே செத்துராத."

டாக்டர் பொன்னுதுரை கொய்யா மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு, கண்ணில் புரை விழுந்ததால் பத்திரிகையை மூக்கில் ஒட்டவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தாணுலிங்கம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"வில்பிரட்டா? பேரு நெனைவில்ல. தோணிக்காரன் ஒருத்தன் விழுந்து வந்தான், அது நெனைவிருக்கு. கேஸ் பேப்பர் எல்லாம் அங்கயே கரையான் தின்னு போச்சு," என்றார் டாக்டர். "துளி தெரியுதுன்னா எண்ணெய் மருந்துதான். அதுல சந்தேகம் வேண்டாம்."

"எண்ணெய் மருந்தா? வேற மருந்தும் உண்டா சார்?"

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேலையை விட்ட பிறகு அவரிடம் இதைக் கேட்க ஆள் வந்ததில்லை போல. பத்திரிகையை மடித்தார்.

"அந்தத் தோணிக்காரன் வந்த சமயத்துல ரெண்டு வருசம் எனக்கு அதுதானே வேல! முதுகுத்தண்டு படத்துல தெரியாது. உள்ள அயோடின் கலந்த மருந்த விட்டாத்தான் நரம்பு எங்க நசுங்குதுன்னு நிழல் விழும். பழசு, எண்ணெய் மருந்து. புதுசா வந்தது, தண்ணியில கரையிற மருந்து. எது நல்லது, எது ஆபத்துன்னு நானே பாத்துருவோம்னு ஒருத்தருக்கு எண்ணெய், அடுத்தவருக்குத் தண்ணின்னு மாத்தி மாத்திப் போட்டேன்."

"எது ஜெயிச்சுது சார்?" என்றான் அய்யாக்குட்டி, ஏதோ குஸ்திப் பந்தயம் கேட்கிற மாதிரி.

"ரெண்டுலயும் வில்லங்கம் உண்டு தம்பி. எண்ணெய் சாது. போடும்போது வலி கெடையாது. ஆனா போவாது. ஊசியாலயே திரும்ப உறிஞ்சி எடுத்தாலும் கொஞ்சம் தங்கிப்போவும். வருசக்கணக்கா கெடந்து, சில பேருக்கு நரம்பையே ஒண்ணோடொண்ணு ஒட்ட வச்சிரும். தண்ணி அப்படியில்ல. போட்டதும் ரகளை பண்ணும். கால இழுக்கும், வலிக்கும். தப்பித் தவறி மேல ஏறி மூளையத் தொட்டுச்சுன்னா வலிப்பு. ஆனா மறுநாளோ அதுக்கடுத்த நாளோ ரத்தத்துல கலந்து, மூத்திரத்துல வெளிய போயிரும். பொட்டு மிஞ்சாது."

"எண்ணெய், வீட்டோட தங்குற மாமனாரு. தண்ணி, சண்ட போட்டுட்டு மறு பஸ்ல கெளம்புற மச்சினன்," என்றான் அய்யாக்குட்டி.

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். தாணுலிங்கம் சிரிக்கவில்லை. அவருக்குள் எங்கோ ஒன்று இடறியது.

"கால இழுக்குமா சார்? தண்ணி மருந்துக்கு?"

"ஆமா. அதான் ஆள உக்காத்தி வப்போம். மருந்து மேல ஏறாம இடுப்போட நிக்கணுமே. தலயச் சாய்க்கவே விட மாட்டோம்."

"எண்ணெய் போட்டவன?"

"அவன் மல்லாக்கப் படுத்திரணும். தலயத் தூக்கப்படாது. தூக்குனா தலவலி பிளந்துரும். எண்ணெய்க்காரன் படுக்கணும், தண்ணிக்காரன் உக்காரணும். வார்டுக்குள்ள நொழஞ்சா கட்டிலப் பாத்தே நான் சொல்லிருவேன்."

தாணுலிங்கம் முழங்கால் வலியை மறந்து எழுந்துவிட்டார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டையும் போட்டிருக்க வாய்ப்பு உண்டா?"

"நான் என்ன கசாப்புக் கடையா வச்சிருந்தேன்? ஒரு ஆளுக்கு ஒரு ஊசி. அதுக்கே அவனுவ கையெடுத்துக் கும்புடுவானுவ."

"சார், சாயந்தரம் தூத்துக்குடி வர முடியுமா? டாக்ஸி பேசுதேன்."

திரும்பும்போது அய்யாக்குட்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணாச்சி, புரிஞ்சுபோச்சு. மரியசெல்வியக்கா புருசன் உக்காந்திருந்தவரு. தண்ணி மருந்து. அது அந்த வாரமே வெளிய போயிருக்கும். இவன் முதுகுலயோ எண்ணெய்! கத முடிஞ்சுது. நேரா சாமியார்ட்ட போவோம்."

"போய்?"

"அக்கா சொன்னதச் சொல்லுவோம்."

"அக்கா என்ன சொன்னாலும் பொய்யின்னுதானே மூணு மாசமா சொல்லுதாவ? 'டாக்டர்ட்ட கேட்டுட்டு வந்து அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டான் தாணுலிங்கம்'பாவ. அவ வாயில வந்தா அது செல்லாக்காசு. அவன் வாயில வரணும்."

"அவன் எதுக்கு அண்ணாச்சி சொல்லுவான்? 'மல்லாக்கப் படுத்திருந்தேன்'னுட்டா?"

"சொல்லிட்டா நாம தோத்தோம்," என்றார் தாணுலிங்கம். "மக்ரூன் இருந்தா ஒண்ணு குடு. காலயிலேருந்து ஒண்ணும் திங்கல."

மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. சாமியார் வீட்டுக் கூடத்தில் தெருப் பெரியவர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மரியசெல்வி குழந்தையோடு தூணோரம் நின்றாள். எதிரே அவன். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்று சுவரில் சாய்ந்திருந்தான். சாமியார் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் மூன்று மாதம் தின்று உறங்கியும் உடம்பு தேறவில்லை. டாக்டர் பொன்னுதுரையை உள்ளறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, காப்பி கொடுத்திருந்தார்கள்.

"சாமி, படத்துல துளி இருக்கு. நான் ஒத்துக்கிடுதேன்," என்று ஆரம்பித்தார் தாணுலிங்கம். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மரியசெல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் அவன் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கேள்வி. அதுக்குச் சரியா பதில் சொல்லிட்டா நான் பெட்டியக் கட்டிக்கிடுதேன். முதுகுல ஊசி போட்டு முடிச்ச பெறவு ஆஸ்பத்திரியில ஒங்கள எப்படி வச்சிருந்தாவ?"

அவன் யோசிக்கவே இல்லை.

"படுக்க விடல. மூணு தலாணிய முட்டுக் குடுத்து உக்காத்தி வச்சிருந்தாவ. காலு ரெண்டும் வெட்டி இழுத்துச்சு. தல சாஞ்சா வலிப்பு வரும்னு நர்ஸம்மா சொன்னாவ." அவன் குரல் இறங்கியது. "மரியசெல்விதான் தலமாட்டுல நின்னு ரெண்டு கையாலயும் தலயப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. கை மரத்துப்போச்சு, ஆனா விடல. இடையில ஒரு பாட்டு முணுமுணுத்தா. மாதா பாட்டு."

சாமியார் மெல்ல மரியசெல்வியைக் கேட்டார். "இது நெசமாம்மா?"

மரியசெல்வி தாணுலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்று தாணுலிங்கம் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"நெசந்தான் சாமி. அத்தனயும் நெசம். பாட்டு உள்பட."

பெஞ்சிலிருந்த ஒருவர் தொடையில் தட்டினார். "இதுக்கு மேல என்ன வேணும்? புருசன் பொஞ்சாதிக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி!" அய்யாக்குட்டி தலையில் கைவைப்பதுபோல் பாவனை செய்து, விரலிடுக்கு வழியாகத் தாணுலிங்கத்தைப் பார்த்தான்.

"அவரு மாத்திச் சொல்லலையே? உக்காந்துதான் இருந்தாரு?" என்று தாணுலிங்கம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை கேட்டார்.

"உக்காந்துதான் இருந்தேன்," என்றான் அவன்.

தாணுலிங்கம் உள்ளறைக் கதவைத் திறந்தார்.

டாக்டர் பொன்னுதுரை தட்டுத் தடுமாறி வந்து, படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்கு உரசப் பார்த்தார். எண்ணெய் மருந்து என்றார். பிறகு இரண்டு மருந்தையும் பற்றிக் கொய்யா மரத்தடியில் சொன்னதைத் திரும்பச் சொன்னார். உட்காரவைத்தவனுக்குப் போட்டது தண்ணீர் மருந்து, அது அந்த வாரம் தாண்டி உடம்பில் நிற்காது என்று முடித்தார்.

சாமியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ உக்காந்திருந்த வில்பிரட் முதுகுல துளி இருக்கவே முடியாதா?"

"முடியாது சாமி," என்றார் தாணுலிங்கம். "இந்தத் துளி, படுத்திருந்த ஒருத்தனுக்கு ஏத்துன எண்ணெய். பக்கத்துக் கட்டில்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு, தலயத் தூக்க முடியாம, திருப்பி மட்டும் பாத்துக்கிட்டு ஒருத்தன் கெடந்திருக்கான். புருசன் தலயத் தாங்கிக்கிட்டு ஒரு பொம்பள நிக்கிறத முழுசாப் பாத்திருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிதான்னு நெனச்சிருக்கான். அதான் தைரியமா முதுகக் காட்டுனான். சரியான பதிலச் சொன்னதாலதான் மாட்டுனான்."

மரியசெல்வி இரண்டடி முன்னால் வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். தாடியைத் தள்ளி, வெயில் கறுப்பைத் தள்ளி, ஒரு தலையணையில் கிடந்த முகத்தைத் தேடினாள்.

"சன்னலோரக் கட்டில்," என்றாள். "ஒங்களப் பாக்க யாருமே வர மாட்டாவ. எங்க கஞ்சியில ஒரு கோப்ப ஒங்களுக்கும் ஊத்துவேன்."

அவன் சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்தான். மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பு அவனிடம் இருந்ததாகவும் தெரியவில்லை.

"பேரு சிலுவை. தெக்கே குமரிக் கடக்கர," என்றான். "முதுகு சரியானதும் என் தோணிக்கு வாலேன்னு அவருதான் சொன்னாரு. கொச்சியில போய் ஏறுனேன். இங்கன யாருக்கும் தெரியாது. தோணியில போம்போது வாய் ஓயாம ஒங்களப் பத்தித்தான் பேசுவாரு. பந்தல் சரிஞ்சது, ஆடு, எல்லாம்."

பெஞ்சிலிருந்த பெரியவர் எழுந்தார். "திருட்டுப் பய! போலீசக் கூப்பிடுங்க சாமி."

"இருங்க," என்றார் தாணுலிங்கம். அவருக்கு இதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. பிடிபட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பாதிப்பேர் இப்படித்தான் இருப்பார்கள், பிடித்தவனைவிடக் களைத்துப்போய். "ஏன் இப்படிச் செஞ்சீரு?"

"செய்யணும்னு வரல அண்ணாச்சி. தோணி ஒடஞ்சப்போ ஒரு கப்பல்காரன் என்னயத் தூக்கிட்டுப் போனான். அப்பறம் எங்கெங்கயோ பொழச்சேன். தேடிட்டு வந்து சொல்லணும்னு வருசா வருசம் நெனப்பேன். பயமா இருக்கும். இப்போ முதுகு போச்சு. பாரம் தூக்க முடியல. சாவுறதுக்கு முந்தி சொல்லிருவோம்னுதான் வந்தேன். தெருவுக்குள்ள நொழஞ்சேன். கெழவி ஒருத்தி மொகத்தத் தூக்கிப் பாத்துட்டு, 'எய்யா, வில்பிரட்டா? வந்துட்டியா?'ன்னு கட்டிப் பிடிச்சு அழுதா. என்னய யாரும் அப்படிப் பிடிச்சதில்ல. 'ஆமா'ன்னு வாயில வந்துட்டு. அதுக்கு மேல திருப்ப முடியல."

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மரியசெல்வி கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி அய்யாக்குட்டியிடம் கொடுத்துவிட்டு, சிலுவைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற அய்யாக்குட்டி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வாயை மூடி நின்றான்.

"சொல்லணும்னு வந்தேன்னியளே, என்ன சொல்ல வந்திய?"

சிலுவை அவளைப் பார்க்காமல் பேசினான்.

"ரெண்டு பேரும் ஒரு மரத்துண்டப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம். அவருக்குக் கை வெறச்சுப்போச்சு. பிடிச்சுக்கிடுங்க தண்டலேன்னு கத்துனேன். அவரு, 'எலே சிலுவ, நீ பொழச்சா எங்க வீட்டுக்குப் போ. மரியசெல்வி பிடிச்சதுன்னா விட மாட்டா. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கப் போறா. காத்திருக்க வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லிரு. நல்லவனாப் பாத்துக் கட்டிக்கிடச் சொல்லு'ன்னாரு. அப்பறம் கைய விட்டுட்டாரு."

காணாமல் போனவன் என்றே ஏழு வருடம் இருந்த வில்பிரட் அப்போதுதான் அந்தக் கூடத்தில் இறந்தான். விக்டரைக் கட்டிய நாளிலிருந்து குற்றவாளியைப் போலக் குனிந்தே நடந்த மரியசெல்வி, நிமிர்ந்து சிலுவையைப் பார்த்தாள். கோபம் இல்லை. குரல்கூட உயரவில்லை.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்ல ஒனக்கு ஏழு வருசமாச்சா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு, புருஷன் செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள்.